தேயிலையும் தாட்பூட் பழமும்

ஆறு சுவைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அவற்றுள் துவர்ப்பு என்பது எனக்கு 36 ஆண்டுகள் சோறு போட்ட சுவை. குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில், தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்வது என் உத்தியோகமாக இருந்தது. குன்னூரில் 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு வரும் சரக்கின் மாதிரிகளை வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் வரிசையாக வடித்து வைப்பார்கள். கோப்பைக்கு இரண்டரை கிராம் அளவு இலை, கொதிக்கும் நீர், ஐந்து அல்லது ஆறு நிமிடம். அதைக் கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கு முழுவதும் சுழலவிட்டுப் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது நாகரிகமற்ற காட்சி. எங்களுக்கோ அந்தச் சத்தம்தான் பிழைப்பு. ஒரு காலைப் பொழுதில் இருநூறு கோப்பைகளைக் கடந்த நாட்களும் உண்டு.

ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு பெங்களூருக்கு வந்துவிட்ட எனக்கு, அந்தத் துவர்ப்பை இந்தக் கோடையில் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில் சந்திக்க நேர்ந்தது. அந்த இடம் ஒரு பீர்க் குவளை.

நம் சங்கத்து அன்பர்களில் சிலர் இந்த வரியைப் படித்ததும் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோரும் எடுத்துப் புரட்டும் பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆனால் நம் பிள்ளைகள் பலர் இந்நகரில் இதைக் குடிக்கிறார்கள். ஒருசிலர் இதைச் செய்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களில் ஒருவன் என் தங்கை மகன்.

அவன் கோயம்புத்தூரில் இரசாயனப் பொறியியல் படித்தவன். இந்நகரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தான். கை நிறையச் சம்பளம். அதை விட்டுவிட்டு இந்திராநகர்ப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய பீர் ஆலையில் பீர் காய்ச்சுபவனாகச் சேர்ந்து இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2010-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து பெங்களூரில் இத்தகைய ஆலைகள் தோன்றலாயின. உணவுவிடுதியின் உள்ளேயே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் செம்பும் எஃகுமாகக் கொப்பரைகள் நிற்கும். அங்கே காய்ச்சியதை அங்கேயே ஊற்றித் தருவார்கள். ஆனால் பீர் என்பது இந்நகருக்குப் புதியதன்று. தண்டில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக அந்நாளிலேயே இங்கே பீர் காய்ச்சினார்கள். தென்னாட்டின் சிறிய ஆலைகள் சிலவற்றை ஒன்று சேர்த்து யுனைட்டெட் புரூவரீஸ் என்னும் கம்பெனியை 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அமைத்தார். பழைய பீரில் பழமும் தேயிலையும் இல்லை. இவை இந்தத் தலைமுறையின் சேர்க்கை.

சேலத்திலிருந்து என் தங்கை சித்திரை மாதத் தொடக்கத்தில் தொலைபேசியில் பேசினாள். பையனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார் ஓசூரில் இருப்பவர்கள், நல்ல இடம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். "உணவுத் தொழில்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

"அண்ணா, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவன் செய்வது சாராயமா, இல்லையா? எனக்கு ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றாள்.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியதாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இராது.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பம் சேலத்தில் தறி நெய்த குடும்பம். எங்கள் அப்பாயி, அதாவது தகப்பனாரைப் பெற்றவள், பூஜை மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ராஜாஜியின் படத்தை வைத்திருந்தாள். சென்னை மாகாணத்தில் பிரதம மந்திரியாக இருந்த ராஜாஜி, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பெல்லாம் தாத்தாவின் கூலி வீட்டுக்கு வரும் வழியில் கள்ளுக்கடை இருந்தது. கூலி அந்த இடத்தோடு நின்றுவிடும். அந்த ஆண்டுத் தீபாவளிக்குத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் புதுத்துணி உடுத்தினார்களாம். பிறருக்காக நாள் முழுதும் துணி நெய்த வீட்டில் அதுதான் முதல் புதுத்துணி. அப்பாயி இதைச் சொல்லும்போது அழமாட்டாள். கணக்குச் சொல்வது போல எத்தனை முழம், என்ன விலை என்று சொல்வாள். 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1971-இல் ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஒத்திவைப்பை அப்பாயி கடைசி வரையில் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளுடைய பேரன் நான். என் தொண்டையில் அதுவரையில் ஒரு சொட்டு மது இறங்கியதில்லை.

ஆகவே மருமகனைப் பார்க்கப் போகும்போது, பழைய உத்தியோகத்துக் கரண்டியையும் பையில் எடுத்துக்கொண்டேன். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

"வைன் சுவைப்பவர்கள் துப்புவார்கள் மாமா. பீர் சுவைப்பவர்கள் விழுங்குவதுதான் வழக்கம். அதன் கைப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுமையாகத் தெரியும்" என்றான்.

"கைப்பைப் பற்றி நீ பார்த்துக்கொள். தேயிலையைப் பற்றி நான் சொல்கிறேன்" என்றேன். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டான்.

காலை பத்து மணி. கடை திறக்கவில்லை. அந்த வேளையில் அவ்விடம் ஒரு பெரிய சமையற்கட்டைப் போலத்தான் இருந்தது. புழுக்கிய தானியத்தின் மணம், நம் வீட்டில் சத்துமாவு வறுத்த மறுநாள் அடுக்களையில் நிற்கும் மணம், எங்கும் பரவியிருந்தது. பீரின் அடிப்படை நான்கு பொருள்கள். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவது மால்ட். கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முளைவிட்ட தானியத்தை இடித்து ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்புச் சாற்றை வடித்து ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். கைப்பு அந்தப் பூவிலிருந்து வருவது. பிறகு ஆறவைத்து ஈஸ்டைச் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விட்டுச் செல்கிறது. நான்காவது பொருள் தண்ணீர். ஒரு லிட்டர் பீருக்குக் கழுவும் நீரையும் சேர்த்து நாலைந்து லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றான். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்காக நம்மில் பலர் குடத்தோடு காத்துக் கிடந்ததை நினைத்துக்கொண்டேன், அவனிடமும் சொன்னேன். அவனுக்கும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

முளைகட்டிய தானியத்தில் மது செய்வது மேல்நாட்டார் வித்தை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணம் இராது. அரிசியைக் குழையக் காய்ச்சித் துழாவி, ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவிக்கும் முறையை அந்தப் பாட்டு விவரிக்கிறது. மூங்கிற் குழாயில் தேனை ஊற்றி முதிரவைத்த தேறலையும் சங்க நூல்கள் பேசுகின்றன. இதை மருமகனிடம் சொன்னபோது அவன் கண்கள் விரிந்தன, உடனே குறித்துக்கொண்டான். அதே மொழியில் திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டான்.

பழம் சேர்ப்பதும் பழைய வழக்கமே. ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ஆம் ஆண்டுச் சட்டம், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரக்கூடாது என்று விதித்தது. ஈஸ்ட் என்னும் உயிரைப் பற்றி அந்தச் சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாது. ஆனால் அண்டை நாடாகிய பெல்ஜியத்தார் அப்படிக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். புளிப்பேறிய பீரில் செர்ரிப் பழங்களை மாதக்கணக்கில் ஊறப்போட்டார்கள். இன்னொரு வகையில் கோதுமையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்தார்கள். அதோடு கொத்தமல்லி விதையும் சேர்த்தார்கள் என்று கேட்டபோது எனக்கு நம் இரசப்பொடி நினைவுக்கு வந்தது. ஹூகார்டன் என்னும் ஊரில் அந்த வகை 1950-களில் வழக்கொழிந்து போயிற்று. 1960-களின் நடுவில் பியேர் செலிஸ் என்னும் பால்காரர் ஒருவர் அதை மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் கோடைக்காலத்தில் குடிக்கப்படும் வெண்மையான கோதுமைப் பீருக்கு அந்தப் பால்காரர்தான் மறுவாழ்வு கொடுத்தவர். என் மருமகன் செய்வதும் அந்த வழியில் வந்த கோதுமைப் பீரே.

அவன் மூன்று சிறிய குவளைகளை என் முன் வைத்தான்.

முதலாவது மாம்பழம் சேர்த்தது. மணத்தில் மாம்பழம் இருந்தது, வாயில் இல்லை. காம்பருகே வடியும் பாலின் பிசின் வாடை மட்டும் நாக்கில் தங்கியது. இனிப்பு எங்கே போயிற்று என்று கேட்டேன். பழத்தின் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடும் என்றான். பழ பீர் என்றால் பழரசம் போல இனிக்கும் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவது இதனால்தான். பழத்தின் புளிப்பும் மணமும் எஞ்சுமே தவிர இனிப்பு எஞ்சாது. ஆகவே இனிப்பையே நம்பி வாழும் மாம்பழம் பீருக்கு ஏற்ற பழமன்று. சேலத்து மாம்பழத்தை இப்படி வீணாக்குவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

இரண்டாவது தேயிலை மட்டும் சேர்த்தது. ஒரே உறிஞ்சலில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இது டஸ்ட். சி.டி.சி. இயந்திரத்தில் அரைபட்டது. அதுவும் கொதிநீரில் வடித்து ஊற்றியிருக்கிறாய்" என்றேன். அவன் திகைத்துப் போனான். திகைக்க ஒன்றுமில்லை. தூள் தேயிலை பாலுக்கென்று பிறந்தது. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நம் வீட்டுத் தேநீர் நாக்கைப் பிடிப்பதில்லை. பால் இல்லாத இடத்தில் அந்தத் தூளைக் கொதிக்கவைத்து இறக்கினால் துவர்ப்பு நாக்கைச் சுருட்டிவிடும். போதாக்குறைக்கு ஹாப்ஸின் கைப்பும் கூட நிற்கிறது. துவர்ப்பும் கைப்பும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் பங்காளிகளைப் போல வாயில் நின்றார்கள்.

மூன்றாவது பழமும் தேயிலையும் சேர்ந்தது. மலைவாழ் தமிழர் தாட்பூட் பழம் என்பார்களே, ஆங்கிலத்தில் பாஷன் புரூட் என்பது, அதுதான் பழம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குடகிலும் வேலியோரங்களில் படர்ந்த கொடி. குன்னூரில் எங்கள் குடியிருப்பு வேலியிலும் இருந்தது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓட்டை உடைத்து விதையோடு உறிஞ்சுவாள். அந்தப் பழத்தின் சுவையே புளிப்பு. அதன் மணமோ பக்கத்து அறை வரையில் போகும். ஈஸ்டினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பழத்தேர்வு சரி; தேயிலைதான் தவறு என்று கண்டேன்.

அதன்பின் நடந்ததை என் உத்தியோக காலத்தில் மிக மகிழ்ச்சியான வாரங்களோடு சேர்த்துக் கணக்கிடலாம். என்னென்ன தேயிலை உண்டு, எது எதற்கு ஆகும் என்று அவனுக்கு மூன்று நாட்கள் பாடம் நடத்தினேன். நல்ல அஸ்ஸாம் தேநீர் ஆறினால் கலங்கிப் பாலாடை போல மங்கும்; சூடான கோப்பையில் அது பெருமை, குளிர்ந்த பானத்தில் அது சிறுமை. டார்ஜிலிங்கின் மணம் மெல்லியது; ஹாப்ஸின் முன்னால் அது வாய் திறக்காது. நீலகிரியின் உயர்ந்த மலைச்சரிவுகளில் விளையும் தேயிலைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. குளிரவைத்தாலும் அது எளிதில் கலங்காது; தெளிவாகவே நிற்கும். குளிர்ந்த தேநீருக்கு அதை விரும்பி வாங்குவது இதற்காகவே. பனிக்காலத்தில், டிசம்பர், ஜனவரி மாதங்களில், உறைபனி விழும் நாட்களில் பறித்த இலையானால் மணம் இன்னும் கூடுதல். அதையும் தூளாக அரைக்காமல், ஆர்த்தடாக்ஸ் என்னும் பழைய முறையில் உருட்டி எடுத்த இலையாக வாங்க வேண்டும். பழைய நட்பைப் பயன்படுத்தி அப்படிப்பட்ட இலை ஐந்து கிலோ தருவித்துக் கொடுத்தேன்.

அதை வெந்நீரில் போடாதே என்றேன். பீர் விளைந்து முடிந்தபின், குளிர்ந்திருக்கும்போதே இலையைத் துணிப்பையில் கட்டி உள்ளே இறக்கச் சொன்னேன். குளிரில் மணம் மெல்ல இறங்கும். கடுந்துவர்ப்பு இலையிலேயே தங்கிவிடும். நூறு லிட்டருக்கு அரைக் கிலோ இலை, பன்னிரண்டு மணி நேரம் என்று அவன் கணக்குப் போட்டான். முதலில் எட்டு மணி நேரத்தில் ஒரு முறை, பத்து மணி நேரத்தில் ஒரு முறை நான் சுவைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது மணியில் போதும் என்றேன். இரவு பத்து மணிக்கு ஒரு பீர் ஆலையின் கொப்பரை அருகே நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம்" என்று சொல்வேன் என்று அப்பாயி கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

பத்து நாட்கள் கழித்து அதைக் குவளையில் ஊற்றினான். நிறம் முற்றிய வைக்கோலைப் போன்றது. மேலே வெண்ணுரை இரண்டு விரற்கடை. கோதுமையின் இலேசான மங்கல் இருந்தது. தேயிலையின் கலக்கம் இல்லை. பனிக்கட்டியாகக் குளிர்ந்த நிலையில் கொடுத்தான். நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். மிகுந்த குளிர்ச்சியில் நாக்கு மரத்துப்போகும். எந்த மணமும் எழும்பாது. ஐந்து நிமிடம் காத்திருந்து மூக்கருகே கொண்டு போனேன். முதலில் தாட்பூட் பழம் வந்தது. அதன் பின்னாலேயே, மழை விட்ட காலையில் குன்னூர்த் தொழிற்சாலை வாசலில் நின்றால் வருமே, வாடிக்கொண்டிருக்கும் பச்சிலையின் மணம், அது வந்தது. நான் சற்று நேரம் பேசவில்லை.

கரண்டியில் எடுத்துச் சுவைத்தேன், துப்பினேன். புளிப்பு முன்னே, துவர்ப்பு நடுவே. அதற்குமேல் தெரியவில்லை. மூன்றாவது உறுப்பு எங்கோ பின்னால் இருக்கிறது. தொண்டை வாசலுக்கு அப்பால் இருக்கிறது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய பார்வை மட்டும் குவளையின் மேல் இருந்தது. தொழில் தெரிந்த ஒருவன் தன் சரக்கை இன்னொரு தொழில்காரனிடம் காட்டும்போது, பாதி மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது எனக்கு வழக்கமில்லை. அவனுடைய கலியாணமே என் வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுபது வயதில் ஒரு வாய் விழுங்கினேன்.

கைப்பு வந்தது. புளிப்பு ஒதுங்கி வழிவிட, துவர்ப்பு அதைக் கைபிடித்து அழைத்துச் சென்றது போல இருந்தது. மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, மூன்றும் சண்டையிடவில்லை. நல்ல வேலை. என் 36 ஆண்டுகளில் அந்தச் சொல்லை நான் அதிகம் செலவழித்ததில்லை. அவனிடம் "நல்ல வேலை" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்போதே இன்னொன்றும் தெரிந்தது. விழுங்கிய சில கணங்களில் மார்பில் ஓர் இளஞ்சூடு பரவிற்று. ஆறு சுவைகளில் எதிலும் அது இல்லை. நாக்கில் எங்குமே அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. கள்ளும் சாராயமும் வாடையினாலேயே தம்மை அறிவித்துவிடும். குழந்தை கூட மூக்கைப் பொத்திக்கொள்ளும். இதுவோ தேயிலை வேடமும் பழ வேடமும் பூண்டு வந்திருக்கிறது. நான் பாராட்டிய அதே நேர்த்திதான் உள்ளே இருப்பதை மறைத்து நிற்கிறது. "இதில் எவ்வளவு?" என்று கேட்டேன். நூற்றுக்கு 5 பங்கு என்றான். அப்படியானால் 330 மில்லி லிட்டர்க் குவளை ஒன்றில் ஏறக்குறைய 13 கிராம் சாராயச் சத்து. கோடை வெயிலில் அலைந்து தாகத்தோடு வருபவன் இப்படி மென்மையாக இறங்கும் பானத்தை ஒன்றோடு நிறுத்துவானா?

தாகத்தைப் பற்றியும் பேசினோம். வாசற்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: "கோடையின் தாகத்துக்குப் பழத் தேநீர் பீர்." பழமும் தேயிலைக் கொழுந்தும் வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். 5 சதவிகிதம் என்பது கீழ் மூலையில் எறும்பெழுத்தில் இருந்தது. சாராயச் சத்து, உடலில் நீரைக் காத்துவைக்கும் சுரப்பியின் வேலையைத் தடுத்துவிடுவதால் குடித்தவனுக்குச் சிறுநீர் அதிகம் பிரிகிறது. தாகம் தணிந்தது போலத் தோன்றினாலும் உடலில் நீர் குறைகிறது. இரசாயனம் படித்தவனுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மது எந்த அளவிலும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்ல இயலாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்ததும் அவனுக்குத் தெரியும்.

"தாகம் என்ற சொல் பொய். அதை அழி. தேநீர் என்று பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே இருப்பதைச் சிறிய எழுத்தில் போடுவது, மேலே நல்ல இலையைத் தூவி அடியில் மட்டச் சரக்கை அடைப்பது போன்றது. ஏலத்தில் அப்படிப்பட்ட மூட்டையை நாங்கள் திருப்பி அனுப்புவோம்" என்றேன்.

"பலகை எழுதுவது என் கையில் இல்லை மாமா. விற்பனையைப் பார்ப்பவர்கள் வேறு" என்றான்.

"தேயிலை என்னுடையது. பலகை மாறாவிட்டால் அடுத்த ஐந்து கிலோ வராது."

இதில் நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அவனும் எழுந்து போய்விட்டான். இரண்டு நாட்கள் அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நம் பிள்ளைகளிடம் ஒரு தொழில் சரியில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எளிது. காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விடுவார்கள். இன்ன இடத்தில் சரி, இன்ன இடத்தில் சரியில்லை என்று சொன்னால் உடனே வலிக்கிறது.

தங்கைக்கு நான் தொலைபேசியில் சொன்னது இது: "அவன் செய்வது மதுதான். சாராயமா என்று கேட்டாய். காய்ச்சி வடிக்கும் சாராயம் அன்று, தானியத்தை விளையவைத்துச் செய்யும் பீர். ஆனால் உள்ளே இருப்பது அதே சத்து, அளவு குறைவு. அவன் குடிகாரன் அல்லன். நான் பார்த்த அளவில், நாளைக்கு இரண்டு மடக்குச் சுவைத்துப் பார்ப்பதற்கு மேல் அவன் தொடுவதில்லை. சுத்தமாக வேலை செய்கிறான். தன் தொழிலை மதிக்கிறான். நம் தாத்தா தறியில் இழை அறுந்தால் எப்படிப் பதறுவாராம், அப்படிப் பதறுகிறான். பெண் வீட்டாரிடம் உணவுத் தொழில் என்று சொல்லாதே. பீர் காய்ச்சுகிறான் என்றே சொல். வேண்டுமானால் வந்து பார்க்கட்டும்."

நெடுநேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நீங்கள் குடித்தீர்களா?" என்றாள்.

"ஒரு வாய்."

"அப்பாயி படத்துக்கு முன்னால் இதைச் சொல்வீர்களா?"

"சொல்வேன்" என்றேன். அடுத்த வாரம் சேலத்துக்குப் போனபோது சொல்லவும் செய்தேன். என் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பெண் வீட்டார் வைகாசியில் ஒரு காலை வேளையில் வந்து பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் கொப்பரைகளைச் சுற்றி வந்து, மால்ட் மூட்டைக்குள் கையைவிட்டு எடுத்து மோந்து பார்த்தார். அவர் முன்னாளில் அரிசி ஆலை வைத்திருந்தவர். தானியத்தின் ஈரப்பதத்தைப் பற்றி இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். பெண்ணின் தாயார் உள்ளே வரவில்லை. வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தார். பதில் இன்னும் வரவில்லை.

பலகையில் தாகம் என்ற சொல் போய்விட்டது. 5 சதவிகிதம் என்பது இப்போது முதல் வரியில், பழத்தின் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்கிறது. அவன் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நான் அதைத் தங்கைக்கு அனுப்பினேன். பலகையைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பனிக்காலத்துத் தேயிலை மிஞ்சியிருந்தால் தனக்கு அரைக் கிலோ வேண்டும் என்றும், அதில் பால் ஊற்றலாமா என்றும் மட்டும் கேட்டிருந்தாள். பால் ஊற்றாதே என்று பதில் எழுதிவிட்டுத் தேயிலையைப் பொட்டலம் கட்டினேன்.